வலைக்குப் பின்னால் நின்றவள்

என் வீட்டுக்காரர் நரேஷுக்குக் கண் மைனஸ் ஐந்து. வாரம் முழுக்க எலக்ட்ரிக் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜீவனஹள்ளி ஃபுட்பால் டீமுக்குக் கோல்கீப்பர். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார். பந்து கிட்டே வந்தால்தான் தெரியும். நான் வலைக்குப் பின்னால் நின்று லெஃப்ட், ரைட் என்று தொண்டை கிழியக் கத்துவேன். கல்யாணமாகி நாலு வருடமாக இதே பிழைப்பு.

கண்ணாடியே வேண்டாம், கண்ணுக்கு லேசர் செய்துகொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கருவிழியின் தடிமனை அளந்து, செய்யலாம் என்றார். ஆனால் மடல் மாதிரி வெட்டித் திறக்கும் முறை இவருக்கு வேண்டாமாம். முகத்தில் பந்து பட்டால் மடல் நகர்ந்துவிடும். மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, லேசரால் கருவிழியைக் கொஞ்சம் செதுக்கி, வளைவைக் குறைப்பார்கள். தோல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். வலிக்கும் என்றார். இந்த மனிதர் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் காலை தலையணையில் கண்ணாடி போல மெல்லிய வட்டம் ஒன்று கிடந்தது. இவர் கண்ணில் நீராகக் கொட்டியது.

"மமதா, கருவிழி கழண்டு வந்துடுச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. அதை டம்ளர் தண்ணீரில் போட்டேன். ஒரு கையில் டம்ளர், மறு கையில் அவர், ஆட்டோ பிடித்தேன். பள்ளத்தில் விடாதே என்று ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டே போனேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதிருப்பேன்.

டாக்டரம்மா டம்ளரைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். தோல் வளரும்வரை புண்ணைக் காக்க அவரே வைத்த லென்ஸாம் அது. ஆபரேஷன் அன்றே இவரிடம் சொல்லியிருக்கிறார். நான் சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தேன். இவருக்குப் பயத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணைச் சோதித்து, தோல் மூடிவிட்டது, மங்கல் மெல்லத் தெளியும் என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து, டாக்டரம்மா சரி என்ற பிறகுதான் மைதானத்தில் இறங்கினார். என் கையில் கண்ணாடி இல்லை. இனி நான் எதற்கு என்று வலைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மனசு என்னமோ மாதிரி இருந்தது. முதல் பந்தே கோலுக்குள் போனது. அவர் என்னிடம் வந்தார்.

"ஏன் கத்தல?"

"இப்பதான் கண்ணு நல்லா தெரியுதே."

"பந்து தெரியுது. நீ இருக்கியா இல்லியான்னு திரும்பிப் பாத்தேன், கோல் போயிடுச்சு. கத்து."

கத்தினேன். ஆனால் கண்ணெல்லாம் நீர். பந்து எந்தப் பக்கம் வருகிறதென்று எனக்குத்தான் தெரியவில்லை.