இரும்புத் தூள் கலந்த பட்டி

போகோமிர் என்ற பெயரை ரோசி முதன்முதலில் கேட்டது ஓர் அக்டோபர் மாதம், பூசணிக்காயைப் பிளந்து விதை எடுத்துக்கொண்டிருந்தபோது. அக்கா யெரா அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த பூசணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்த போகோமிர்? ஹலோசே மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாளே நேஜா, அவளோட ரெண்டாவது மகனா? சாமியார் காருக்கே எஃப்.சி. குடுக்காமத் திருப்பி அனுப்பினவன்?"

"அது பிரேக் பிடிக்காத கார்ம்மா."

"சாமியாருக்கு எதுக்குடி பிரேக்? அவரைக் கடவுள் பாத்துக்க மாட்டாரா?"

"அவரைக் கடவுள் பாத்துக்குவாரு. எதிர்ல வர்றவங்களை யாரு பாத்துக்கறது?"

அந்த வருடமே யெராவுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆயிற்று. அதற்கப்புறம் முப்பது வருடம் போகோமிர் ப்தூய் ஊரின் வண்டிச் சோதனை நிலையத்தில், குழிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தே கழுத்து பிடித்துப்போனவர். கையில் நீளக் காம்பு போட்ட ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் கூர் முனை. தட்டினால் போதும், இரும்பா துருவா என்று சொல்லிவிடுவார். சொந்தக்காரன் என்று சாசேஜ் சுற்றி எடுத்துக்கொண்டு போனால், "வீட்டுக்கு வரும்போது கொண்டாங்க, சாப்பிடறேன்" என்பார்.

ரோசியின் புருஷன் வின்கோ இரும்பு வார்க்கிற ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது கைக்கு வந்த தொகையில் பதினைந்து வருடம் ஓடிய ஒரு கேரவனை வாங்கிவிட்டார். உள்ளேயே அடுப்பு, படுக்கை, குழந்தைகளுக்கு மேசை பெஞ்சு. கோடையில் இரண்டு மாதம் கடற்கரையில் நிற்கும். மீதிப் பத்து மாதமும் வைக்கோல் கொட்டகையில்.

"நிக்கிற வண்டிதான் சகலை சீக்கிரம் கெடும்" என்று போகோமிர் வருடா வருடம் சொல்வார். ஒரு வருடம் டயர். தரையில் படுகிற பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், ஓரத்தில் விரலை வைத்தால் வெடிப்பு. இன்னொரு வருடம் பிரேக் இறுகிப்போயிருந்தது. அப்புறம் கூரை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்மரம் ஊறிப்போனது. வின்கோ முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சரிசெய்வார். செய்யாமல் விட்டவர் இல்லை.

எட்டாவது வருடம், எஃப்.சி.க்கு ஒரு வாரம் இருக்கும்போது, வண்டிக்கு அடியில் படுத்தவர் வெகுநேரம் எழுந்து வரவே இல்லை. ரோசி டார்ச்சோடு போய்க் குனிந்தாள். பின்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே, பட்டை ஸ்பிரிங்கை இரும்பு அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கிற இடத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. குழந்தைகள் உட்காருகிற பெஞ்சுக்கு நேர் கீழே.

வெல்டிங்காரன் ஜூன் மாதம்தான் முடியும் என்றுவிட்டான். மகள் பொலோனாவோ மே தின விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. தாத்தா வாக்குக் கொடுத்தாயிற்று.

வின்கோ கம்பிவலையை ஓட்டைக்குள் திணித்தார். ஆலைக் காலத்து இரும்புத் தூள் ஒரு டப்பா வைத்திருந்தார். அதை ரோசியின் மாவு சல்லடையில் அவளையே சலிக்கச் சொல்லி, ஓட்டை அடைக்கிற பட்டியில் கலந்து பூசி, காய்ந்ததும் அரத்தால் ராவி, மேலே தார் அடித்தார்.

"தட்டினா டங்குன்னு சொல்லும். காந்தம் வெச்சா ஒட்டும். உங்க அத்தான் காதுக்கு ஒரு பரீட்சை!"

"குழந்தைங்க போற வண்டிங்க."

"நாலு நாளுதானே? வந்ததும் வெல்டிங் வெச்சுடறேன். நீ டார்ச்சை ஆட்டாமப் பிடி."

சோதனை நாளன்று வண்டி குழிமேல் நின்றது. உள்ளிருந்து டங், டங் என்று சத்தம். இடதுபக்கமும் டங் என்றது. காந்தமும் ஒட்டியது. போகோமிர் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"இந்த வருஷம் பரவாயில்ல சகலை. ஜன்னல்ல பேப்பரைக் குடுத்துட்டு வாங்க."

வின்கோ ரோசியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

"நீயும் கடலுக்குப் போறியா ரோசி?"

"இல்லத்தான். பொலோனாவும் பிள்ளைங்களும் மட்டும்." அவள் ஜன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அத்தான்... பின்னால இடது பக்கம் இன்னொரு தரம் தட்டுங்க. கூர் முனையால."

போகோமிர் அவள் முகத்தைப் பார்த்தார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக் குழிக்குள் இறங்கினார். காய்ந்த ரொட்டி உடைகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு, கம்பி நீட்டிக்கொண்டு. அதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"நீ வெளியில போய் நில்லு. நீ எதுவும் சொல்லவே இல்ல, தெரிஞ்சுதா?"

வின்கோ திரும்பி வந்தார். வெளியே நின்றவள் காதில் எல்லாம் விழுந்தது.

"பரவாயில்லன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். திரும்பத் தட்டினேன். சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு சகலை. கடல் உப்புக் காத்துல இத்தனை வருஷம் நின்ன இரும்புக்கு அவ்வளவு நல்ல குரல் ஏது?"

"யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லணும்? எனக்குக் காது இல்லையா?"

வண்டி போகவில்லை. பேரப்பிள்ளைகள் அழுதார்கள். வின்கோ ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தார்: சொந்தத்தில் ஆள் இருந்தும் நம்மைக் கழுத்தறுத்துவிட்டான் என்று. நவம்பரில் பன்றி அறுக்கிற நாளில், வருடா வருடம் சாசேஜுக்கு உப்பு பார்க்கிற போகோமிரை யாரும் கூப்பிடவில்லை. யெரா மட்டும் வந்து அரைமணியில் கிளம்பினாள்.

"உன் வீட்டுக்காரரு நாக்கு என் வீட்டுக்காரரு சுத்தியலைவிட நீளம்டி" என்றாள் வாசலில். ரோசி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

ஐந்தாவது வருடம், வின்கோ சூப் குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"அத்தானா கண்டுபிடிக்கல. நான்தான் சொன்னேன்."

வின்கோ கரண்டியை வைக்கவில்லை. "தெரியும்."

"எப்போ?"

"அன்னிக்கே. பட்டி இருக்கிறது தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் சொல்லல."

"அப்புறம் ஏங்க அந்த மனுஷனை..."

"யார் மேலயாவது கோவப்படணுமில்ல? உன்மேல பட்டா எனக்கு சூப் யாரு வெப்பா?" சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார். "ஊரெல்லாம் சொல்லிட்டேன் ரோசி. இப்ப போய் என்னன்னு மாத்திச் சொல்றது?"

மறுநாள் அவளே பஸ் பிடித்து யெரா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"என்கிட்டகூட மூச்சு விடலையே அவரு. அஞ்சு வருஷம் ஊர் விசேஷத்துல எல்லாம் அந்த மனுஷன் தனியா உக்காந்து சாப்பிட்டாரு. நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தே." யெரா எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். "பஸ் வந்துடும். கிளம்பு."

கேரவன் பழைய இரும்புக்குப் போய்விட்டது. போகோமிர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, யெராவோடு ஹலோசே மலைச்சரிவில் திராட்சை பயிரிடுகிறார். ரோசி வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டர். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.