கறுத்த காந்தத் துண்டு

குமிழி அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டியவள். ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாகக் குடுவை கழுவி, தூள் நிறுத்து, வாயுக் குமிழிகளை எண்ணி வருவதால் அந்தப் பெயர். எல்லாமே தற்காலிக வேலைதான். திட்டம் நீண்டால் அவளும் நீள்வாள்.

இப்போதைய திட்டம் ஃபார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது. பல்லேடியம் என்ற உலோகத்தைப் போட்டால் எளிதில் வரும், ஆனால் அது யானை விலை. நிக்கலையும் செம்பையும் கலந்த மலிவான தூளே போதும் என்று பேராசிரியர் காட்டிவிட்டார். அமிலத்தில் தூளைப் போட்டு, காந்தத் துண்டு உள்ளே சுழன்று கலக்க, வாயு குமிழி குமிழியாக வந்தது. நாளைக் காலை நிதிக்குழு நேரில் பார்க்க வருகிறது. அவர்கள் தலையாட்டினால் இன்னும் மூன்று வருடம். லிப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர் கால் முறிந்து வீட்டில் கிடக்கிறார். அந்த மூன்று வருடத்தைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

மதியம் ஒத்திகை. குழுவுக்காகப் பளபளவென்று புதுக் குடுவை, புதுக் காந்தத் துண்டு. தூள் அதேதான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"சரியாக் கழுவியிருக்க மாட்டீங்க!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பேராசிரியர் போனார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் கழுவியதைக் குறை சொன்னால் சும்மா விடுவாளா? இத்தனை நாளும் போட்ட பழைய காந்தத் துண்டைத் தேடி எடுத்தாள். அதன் வெள்ளை உறை கறுத்திருந்தது. போன வருடம் பல்லேடியத்தோடு சுழன்ற துண்டு. தூளே இல்லாமல் வெறும் அமிலத்தில் அதைப் போட்டாள். குமிழி வந்தது. மூன்று முறை போட்டாள், மூன்று முறையும் வந்தது. உறையில் ஒட்டியிருந்த பல்லேடியம்தான் இத்தனை நாளும் உழைத்திருக்கிறது. நிக்கலும் செம்பும் வேடிக்கை பார்த்திருக்கின்றன.

கணவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"எனக்கு மட்டும்தாங்க."

"அப்ப வாயைத் திறக்காத. அவங்களே கண்டுபிடிச்சா அப்பப் பாத்துக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் கால் நிற்கவில்லை. நேரே பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நாளைக்கு நீங்கதானே செஞ்சு காட்டப் போறீங்க? எதைப் போடணும்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி நழுவினார். பெரிய மனிதர்! பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் குழு வந்தது. தட்டில் இரண்டு துண்டுகள். அவள் கை பழையதை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது. கடைசியில் புதியதைப் போட்டாள். பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வராது சார். இந்தத் தூளுக்கு அந்தச் சக்தி இல்ல" என்றாள். பிறகு தூளில்லாமல் பழைய துண்டைப் போட்டு, வந்த குமிழிகளையும் காட்டினாள்.

மதியமே வீடு திரும்பினாள். கணவர் கட்டுப் போட்ட காலோடு கதவுவரை நொண்டி வந்திருந்தார்.

"எல்லாம் போச்சா?"

"வேலை மட்டும் போச்சு."