சரிகைக் கரை போட்ட பிளக்கு ஒயர்கள்

கார் நடுவழியில் நின்றுவிட்டால் ஜனங்கள் முதலில் பெட்ரோலைச் சந்தேகப்படுவார்கள். பெட்ரோல் இருக்கிறது என்று தெரிந்ததும் டிரைவரைச் சந்தேகப்படுவார்கள். கரண்டைச் சந்தேகப்பட்ட ஆளை அந்த நாளில் காஞ்சிபுரத்தில் நான் பார்த்ததே இல்லை. ஊரில் இருந்த மோட்டார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று, வீட்டின் முன்கட்டிலேயே பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய ஒரு டாக்டரம்மாவுடையது. அதற்கு டிரைவர், மெக்கானிக், கழுவித் துடைப்பவன், நின்றால் திட்டு வாங்குபவன் எல்லாமே நான்தான்.

மதராஸில் யாரோ ஒரு துரை ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி அது. மேலே கான்வாஸ் கூரை, முன்னால் கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில். அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் வண்டிக்கும் ஒரு வியாதி பிடித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு முறை இருமும், நின்றுவிடும். கொஞ்சம் வெயில் பட்டால் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பும். மனிதர்களில் இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களையும் எனக்குப் பிடிக்காது.

பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினேன். கடைசியில் பாட்டரிக்கு வந்தேன். மோட்டாரில் கரண்டு போவதற்குத்தான் ஒயர் உண்டு, திரும்பி வருவதற்குக் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே அது பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு எர்த் என்று பெயர். பாட்டரியையும் வண்டிச் சட்டத்தையும் ஒரு பட்டை சேர்க்கும், அந்தப் பட்டை உட்காரும் இடம் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியிலோ அந்த இடத்தில் துரு, துருவின்மேல் பச்சைப் பெயின்ட். ஆயுத பூஜைக்கு வண்டியை அழகுபடுத்த வந்த பெயின்டர் ஒரு இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அதைச் சுரண்டிப் பட்டையை முடுக்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாதி வியாதி போயிற்று.

மீதிப் பாதி, பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்களில் இருந்தது. மேலே இருந்த ரப்பர் வெடித்து, ஈரக் காற்று பட்டால் கரண்டு பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இரும்பில் பாய்ந்துகொண்டிருந்தது. புது ஒயர் மதராஸிலிருந்து வர வேண்டும். வரும் வரும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் தினமும் வர ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். டாக்டரம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொல்வார், ஆனால் வந்து நிற்பது காரிடம்தான். அவருடைய ஒரே மகளை ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றோரமாகப் போனால் வரும் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடந்தது, குழந்தை தங்கவில்லை, பெண்ணும் பிழைத்தது புண்ணியம். அதனால் இந்த முறை அனுப்ப மாட்டோம் என்று மாமியார் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி என்றாலே அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வலி கண்டதும் ஆள் அனுப்பு, நான் வந்துவிடுகிறேன் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, அவர் மகளுக்கும் எமனுக்கும் நடுவில் இருந்தது என்னுடைய இந்தத் தகர டப்பா.

"இன்னாபா, இன்னிக்கி ஓடுதா?" என்பார் தினமும்.

ஒருநாள் ஒயர் சங்கதியை விளக்கிச் சொன்னேன். நெடுநேரம் குனிந்து பார்த்தவர், "மேல பட்டு சுத்தினா ஆவாதா?" என்று கேட்டார்.

ஆகும். பட்டு கரண்டை வெளியே விடாது. மோட்டாரில் காயில் என்கிற கம்பிச் சுருளுக்குள் மெல்லிய கம்பிகளுக்குப் பட்டு சுற்றியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். சரி என்றேன். நான்காம் நாள், சாயம் போடாத வெள்ளைப் பட்டில் நெருக்கமாக நாடா நெய்து கொண்டுவந்தார். ஒயர்களைச் சுற்றி அவரே தைத்தார். பிளக்கின் உச்சிக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே உறை நின்றுவிட வேண்டும், கரண்டு இரும்பில் இறங்காமல் தடுக்கும் பிளக்கின் பீங்கான் கழுத்தைத் தொடக் கூடாது என்றேன். அப்படியே செய்தார். தையல் கண்ணுக்கே தெரியவில்லை. நடு மழையில் வண்டி ஒருமுறைகூட இருமாமல் பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றி வந்தது.

"உங்க பட்டுகிட்ட சீமை ரப்பர் தோத்துப்போச்சு அண்ணா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளையா மொட்டையா இருக்குதுபா" என்றார். எஞ்சினுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிப் பானெட்டை மூடினேன்.

ஒரு வாரம் கழித்து, பொழுது விடிந்து தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது கிராமத்திலிருந்து ஆள் வந்தான். பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. நெசவாளி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். டாக்டரம்மா முன்னால் ஏறிக்கொண்டார், அவருடைய மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெசவாளி பின்னால் உட்கார்ந்தார். ஓரிக்கை வரையில் குறையில்லை. அதைத் தாண்டி, இருபுறமும் வயலைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் வண்டி இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

"நடந்தால் எப்போ போய்ச் சேரலாம்?" என்றார் டாக்டரம்மா.

"மத்தியானம் ஆயிடும்மா" என்றேன்.

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கி நின்றார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. ஹார்னை அழுத்தினேன், கத்தியது. ஆக, பாட்டரியில் குறையில்லை, எர்த்திலும் குறையில்லை. கரண்டு பிளக்கு வரைக்கும் போகிறதா, வழியில் பாய்கிறதா என்று தெரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் அந்தப் பொறி கண்ணுக்குத் தெரியாது. நெசவாளியின் கம்பளியை வாங்கி, பானெட்டையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, அவரை ஹேண்டில் சுற்றச் சொன்னேன்.

கம்பளி இருட்டில் எல்லாம் தெரிந்தது. நான்கு பிளக்குகளின் பீங்கான் மேலும் நீலமாகப் பொறி ஊர்ந்து இறங்கி இரும்பில் விழுந்துகொண்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். பட்டு உறை நான் சொன்ன இடத்தில் முடியவில்லை. அதன் நுனியில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் புதிதாக ஏதோ தைத்திருந்தது. வண்டி குலுங்கிய குலுக்கலில் அது வழுக்கி இறங்கிப் பீங்கானைப் போர்த்திக்கொண்டிருந்தது. கம்பளியை விலக்கினேன். சரிகைக் கரை. நல்ல அசல் வெள்ளிச் சரிகை. வெள்ளியைவிட நன்றாகக் கரண்டைக் கடத்தும் உலோகம் கிடையாது.

"யார் வேலை இது?" என்று கத்தினேன்.

"நான்தாம்பா." ஹேண்டிலை விடாமல் அப்படியே நின்றார். "வெள்ளிக்கெழம வந்தேன், நீ பெட்ரோலு வாங்கப் போயிருந்தே. கரை இல்லாத வெள்ளைத் துணி பொணத்துக்குதாம்பா போத்துவாங்க. அத்தக் கட்டிக்கினு எம் பொண்ணு கிட்ட வண்டி போறது மனசுக்கு ஒப்பல. அதான் ஒரு கரை வெச்சித் தச்சேன். தப்பாபா?"

அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. டாக்டரம்மா பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். நான் வெட்டப் போனேன். நெசவாளி அதை என் கையிலிருந்து வாங்கி, நான்கு கரைகளையும் தானே வெட்டினார். சரிகைத் துண்டுகள் சேற்றில் விழுந்தன. ஒரு இழை சரிகையைத் தரையில் விடுகிற ஜாதி இல்லை அவர்கள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பீங்கானைத் துடைத்து ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் விட்டு நன்றாக வெயில் ஏறிவிட்டிருந்தது. டாக்டரம்மா செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினார். நெசவாளி வீட்டுக்குள் போகாமல் காரின் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். கிராமத்து மருத்துவச்சி அங்கே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "விடியக்காத்தால கூட வயித்துல துள்ளிக்கினுதான்மா இருந்துது. கொஞ்சம் முன்னாடிதான் அடங்கிப்போச்சி."

வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். நேராக நெசவாளியிடம் போனார். "பொண்ணு பிழைச்சிட்டா. இனிமே பயமில்லை" என்றார். பிறகு, "குழந்தை இல்லை" என்றார்.

அவர் எழுந்து நின்றார். "வண்டி நின்னுடுச்சே. அதனாலயாம்மா?"

"இல்லை. குழந்தை நேத்தே வயித்துக்குள்ள போயிடுச்சு. நாம பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

அவர் கை கூப்பினார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. மகளோடு இருப்பதற்காக அங்கேயே தங்கிவிட்டார். நானும் டாக்டரம்மாவும் மட்டும் திரும்பினோம்.

அன்று அந்த வண்டி ஓடியதைப் போல அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஒரு தும்மல் கிடையாது, ஒரு குலுக்கல் கிடையாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓரிக்கை வரும்வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"கொழந்த நேத்தேவா போச்சும்மா?" என்று கேட்டேன். "கெணத்தடியில மருத்துவச்சி வேற மாதிரி சொன்னாளே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மருத்துவச்சிகிட்ட நான் பேசிட்டேன்" என்றார். "நீயும் அவர்கிட்ட நேத்தேன்னுதான் சொல்லணும். இப்போ ரோட்டைப் பார்த்து ஓட்டு."