கட்டைவிரல் வாளுக்கு அடியில்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இடது காதில் தையலோடு படுத்திருந்தேன். தையல் போட்டது டாக்டர். போட வைத்தது என் மனைவியின் தம்பி ரெங்கராஜ்.

ரெங்கராஜ் ஜெர்மனியில் மில் மெஷின் ட்ரெயினிங் முடித்துவிட்டு அருப்புக்கோட்டை திரும்பியவன். மற்றவர்கள் வாட்சும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவன் பழைய கடையில் ஒரு புத்தகம் வாங்கி வந்தான். அந்த நாட்டுக்காரர்கள் பல நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துச் சண்டை போட்ட நீள வாளைப் பற்றியது.

அதில் ஒரு படம். ஒருவன் மேலிருந்து வெட்டுகிறான். மற்றவன் வாளைக் குறுக்கே, படுக்கைவசமாக வீசுகிறான். சரி... குறுக்கே வீசுகிறவன் தலை எப்படித் தப்பும்? வரைந்தவன் வாளைத் தொட்டதே இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். ரெங்கராஜுக்கு ரோஷம்.

ஞாயிற்றுக்கிழமை. பாலவனத்தம் ரோட்டோரம், பருத்தி எடுத்து முடிந்த எங்கள் காடு. இரண்டு சிலம்பக் கம்புகளில், வாளுக்கு இருப்பதுபோலக் கைப்பிடிக்கு மேல் குறுக்குக்கட்டை வைத்து ஆணி அடித்திருந்தான். நான் மேலிருந்து ஓங்கினேன். அவன் நெஞ்சு உயரத்தில் குறுக்கே வீசினான். அவன் கம்பு என்னைத் தொடுமுன் என் கம்பு அவன் உச்சந்தலைக்கு மேலே வந்து நின்றது. மறுபடியும் அதே கதை. நான் சிரித்தேன்.

அவன் வரப்பில் உட்கார்ந்து, படத்துக்கு அடியில் இருந்த பழைய ஜெர்மன் வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு எழுந்து வந்தான்.

"கட்டைவிரல வாளுக்கு அடியில குடுக்கணுமாம் அத்தான். கை ரெண்டும் தலைக்கு மேல இருக்கணுமாம். இந்தவாட்டி நிறுத்தாம அடிங்க."

அடித்தேன்.

அவன் வலப்பக்கம் ஓர் எட்டு வைத்தது தெரிந்தது. கைகள் நெற்றிக்கு மேலே போயின. என் அடியை அந்தக் குறுக்குக்கட்டை வாங்கிக்கொண்டது. அதே நொடியில், அதே வீச்சில், அவன் கம்பு என் காதில் இறங்கிவிட்டது. தடுத்துவிட்டு அடிக்கவில்லை — தடுப்பே அடி.

கரிசல் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கழுத்தெல்லாம் ஈரம். காதுக்குள் விசில் சத்தம். ரெங்கராஜ் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பலமாக வீசவே இல்லையாம். சும்மா திருப்பினானாம்.

சும்மா திருப்பிய கம்புக்கே இது. இரும்பாக இருந்தால்? அந்த வரியை எழுதியவன் வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியாது. எவனோ ஒருவன் தலையில் செய்து பார்த்துவிட்டுத்தான்... சைக்கிள் கேரியரில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதனையே நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் என் மனைவி திட்டவில்லை. என் காதில் இருந்த பேண்டேஜைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். தம்பியின் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தாள்.

"இவன் படிச்சது தப்பா இருந்திருந்தா, எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள்.

நிறுத்தாமல் அடிக்கச் சொன்னான்; நானும் அடித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்த ஒரு வரியை நம்பி அவன் தன் தலையை நீட்டியிருக்கிறான். இருவருக்குமே அது அப்போது உறைக்கவில்லை.

புரியாத புத்தகங்களைக் கண்டு பலமுறை பயந்திருக்கிறேன். ஒரு புத்தகம் புரிந்துபோனதற்காகப் பயந்தது இதுதான் முதல் தடவை.