தொட்டில் கம்பு

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் என் வீட்டுக்குக் கீழேதான் படகுகள் வந்து நிற்கிற ஜெட்டி. காலையில் வேலைக்காகச் சாத்தாம் தீவுக்குப் போகிற ஃபெர்ரியைப் பிடிக்க ஓடுகிற பெண்களில் பாதிப் பேர் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலையோடுதான் ஓடுவார்கள். இரண்டு வருடமாக அவர்களுடைய பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், எல்லாம் செய்வேன். தூங்க மட்டும் விடமாட்டேன். எந்தக் குழந்தையாவது கண்ணயர்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன், அது விழித்துக்கொள்ளும். அக்காவுக்குப் பிள்ளை தூங்கினால் பொறுக்காது என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பிறகு, வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்கள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும், இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். போனேன். ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, மூச்சு நின்ற குழந்தையின் நெஞ்சை இரண்டு விரலால் எப்படி அழுத்துவது என்று காட்டினார்கள். என் முறை வந்தபோது போதும் என்று சொன்ன பிறகும் நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் ஒரு படிவம். இதற்கு முன் உங்கள் பொறுப்பில் இருந்த குழந்தைக்கு ஏதேனும் பாதிப்பு நேர்ந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்று ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நிக்கோபார் பக்கம் ஒரு தீவில் ரப்பர் தோட்டம். அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், அதனால் வரிசை வீடுகளை லயம் என்போம், தோட்டத்தில் பிள்ளைகளை விடும் அறையைப் பிள்ளைக்காம்பரா என்போம். தங்கைக்கு மூன்று மாதம். அவளுக்குக் காய்ச்சல், மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைக்காம்பராவில் சேர்க்கவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லிவிட்டு அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள்.

தங்கை சேலைத் தொட்டிலில் தூங்கினாள். சேலை மூடிக்கொள்ளாமல் இருக்க மேலே குறுக்கே ஒரு கம்பு செருகியிருக்கும். வெளியே பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடினார்கள், நல்ல கம்பு இல்லாமல் தவித்தார்கள். தொட்டில் கம்பு கனகச்சிதமாக இருந்தது. உருவிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது சேலை அவள் முகத்தோடு ஒட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். பிறகு நான் செய்த காரியம் இருக்கிறதே, பாவி, கம்பைத் திரும்பச் செருகி வைத்தேன். காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றும் மத்தியான நேரத்தில் வீடு அமைதியாகிவிட்டால் எனக்குத் தொட்டில் கயிறு கிறீச்சிடுவது கேட்கும். இந்த வீட்டில் தொட்டிலே கிடையாது.

நான்காம் நாள் அம்மாவிடம் சொன்னேன். என்னோடுதான் இருக்கிறாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பை எடுத்ததையும் திரும்ப வைத்ததையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் கை நிற்கவில்லை, இரண்டு தண்டை ஆய்ந்து போட்டாள்.

"தெரியும்டி. கம்புல மண்ணு ஒட்டியிருந்துச்சு."

இத்தனை வருடமும் தெரியுமா என்று கேட்டேன். ஏன் என்னை அடிக்கவில்லை என்றும் கேட்டேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

"ஒம்போது வயசுப் புள்ளகிட்ட புள்ளய குடுத்துட்டுப் போனவ நானு. ஒன்னய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடிப்பேன்?"

'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன். நடந்ததைக் கீழே எழுதி, என் வயதையும் எழுதினேன்.

வீட்டைச் சரிபார்க்க வந்த வங்காளி அதிகாரி கேட் தாழ்ப்பாள், தண்ணீர் டிரம் மூடி எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைப் படித்தார். "நௌ சால்?" என்றார். ஒன்பதுதான் என்று தலையாட்டினேன். வீட்டில் பெரியவர்கள் யார் இருந்தார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் யாருமில்லை என்று அம்மா தன் உடைந்த ஹிந்தியில் சொல்லிவிட்டாள். அதிகாரி அந்தத் தாளை இன்னொருமுறை படித்தார். பிறகு, பிள்ளைகள் தூங்கும்போது எப்போதும் ஒரு பெரியவர் அதே அறையில் இருக்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வந்த முதல் நாள் நான்கு பிள்ளைகள். மத்தியானம் பாயில் படுக்க வைத்தேன், தூங்கிப்போனார்கள். நான் ஒவ்வொரு மூக்காக விரலை வைத்து, முதல் பிள்ளைக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தேன். அம்மா முழங்காலைப் பிடித்தபடி மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்துக்கிறேன். நீ போயி வெளையாடு" என்றாள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. எழுந்து வெளியே போனேன்.