புகை நின்ற பிறகும் தொடாதீர்கள்

"எந்தக் கம்பெனி?"

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவு வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். சிவகாசிப் பக்கத்திலிருந்து வெந்த உடம்போடு ஒருவர் வந்தால் வேறு என்ன கேட்பார்கள்? "கம்பெனி இல்லைங்க, பேட்டரி வண்டி" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சட்டை முழுக்க அலுமினியத் தூள் அப்பியிருந்தது. முதலாளியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருந்தால் அவர்மேல் குற்றமில்லை.

நான் எம்.புதுப்பட்டி ஊரில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் போர்மேன். வேலையையும் பாதுகாப்பையும் கவனிப்பவன். உரசினால் பொறி கிளப்பும் நைலான் சேலை கட்டி வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பி, 'சள்ளை பிடிச்ச மனுசன்' என்று பெயர் வாங்கியவன். உள்ளே கட்டிலில் கிடந்தவள் என் மனைவி செல்வராணி. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையலர். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு கிண்டுகிற அவளுடைய வலது கைதான் வெந்திருந்தது. அந்தக் கை மறுபடி மடங்கி ஒரு கரண்டியைப் பிடிக்குமா என்பதைத் தவிர அடுத்த பல மாதங்கள் எங்கள் வீட்டில் வேறு கேள்வி இல்லை.

இதே கேள்வியோடு எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவள் எப்படி இருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். அவள் போகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. விருதுநகர் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் பேட்டரி வண்டி விற்றார்கள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், பேப்பர் எதுவும் வேண்டாம் என்றார்கள். வாங்கினேன். மெதுவாகத்தான் போனது. அவளுக்கு அது போதும். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து போனால் சைக்கிள்காரன் எல்லாம் முந்திப் போகிறான்! ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயரைத் துண்டிக்கச் சொன்னேன். பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய பேட்டரியை மாட்டினேன். சீக்கிரம் ஏறட்டும் என்று வேறொரு சார்ஜரும் வாங்கினேன். "இருந்த வேகமே எனக்குப் போதும்ல. எதுக்கு இம்புட்டு?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். எங்கள் தொழிலில் ஒவ்வொரு அறை வாசலிலும் மணல் வாளி இருக்கும். என் வீட்டு அடுப்படியிலும் ஒன்று வைத்திருந்தேன். பட்டாசு மருந்து எரிந்தால் எரிந்து தீர்ந்துவிடும், மிச்சம் இருக்காது. மணலைப் போட்டு மூடு, புகை நின்றால் கதை முடிந்தது என்று வீட்டில் நூறு தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். தீ என்றால் அது எனக்குத் தெரிந்த தீ மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்று மணிக்கு அவள் வெயிலில் வந்து, கொதித்துக்கொண்டிருந்த பேட்டரியைக் கழற்றி உடனே சார்ஜில் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்று வெள்ளைப் புகை. அப்புறம் தீ. அவள் அலறவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாள், மணல் வாளியைக் கவிழ்த்தாள். புகை நின்றது. நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றுவிட்டது. நாற்றம் தாங்காமல் ஈரச் சாக்கில் பேட்டரியைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனாள். வாசல்படியை நெருங்கும்போது அது கையிலேயே மறுபடி பிடித்துக்கொண்டது.

இந்த வகைப் பேட்டரி (லித்தியம் செல்களால் ஆனது) அப்படித்தான். உள்ளே சூடு தங்கியிருந்து, அணைந்த மாதிரி காட்டி, திரும்பவும் எரியும். எனக்கு அது தெரியாது. வாசல்படிக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் இருந்தது. கையில் இருந்ததை அங்கேயே போட்டிருந்தால் தெருவே போயிருக்கும். எரிகிற கையோடு இன்னும் நாலு எட்டு நடந்து முற்றத்தில்தான் வீசியிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாரியம்மாள் சொன்னார்.

மாரியம்மாள் தீப்புண்ணில் தடவப் பேனா மை பாட்டிலோடு ஓடிவந்தாராம். "மை வேண்டாம்க்கா. தண்ணி ஊத்துங்க, நான் போதும்ங்கிற வரைக்கும் நிப்பாட்டாதீக" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்ற ஊற்ற இடது கையால் வளையலையும் மோதிரத்தையும் கழற்றியிருக்கிறாள். சத்துணவுக் கூடத்தில் ஒருமுறை கஞ்சி கொட்டியபோது நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். எங்கள் தொழிற்சாலைக்குள் செல்போன் கூடாது. கேட்டிலிருந்து காவலாளி ஓடிவந்து சொல்வதற்குள் அவளுக்குச் சிவகாசியில் முதல் கட்டுப் போட்டு ஆம்புலன்சில் ஏற்றியிருந்தார்கள்.

"மோதிரத்தை யார் கழற்றினது?" என்று கேட்டார் மதுரை டாக்டர். "அவங்களேவா? நல்ல காரியம் பண்ணாங்க. கை வீங்கின பிறகுன்னா விரல் இறுகி ரத்தம் போகாமல் போயிருக்கும்." அந்த வலியிலும் செல்வராணி முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "ஏங்க, வெளிய போய் அழுங்க. இங்கன எல்லாரும் பாக்காக" என்றாள்.

உள்ளங்கை ஓரளவு தப்பித்திருந்தது. புறங்கையிலும் விரல்களிலும் காயம் ஆழம். கருகிய தோலை நீக்கி, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினார்கள் (தோல் ஒட்டு அறுவை). கட்டு மாற்றுகிற நேரம்தான் கொடுமை. வார்டே அலறும். செல்வராணி கண்ணை மூடிக்கொண்டு சத்துணவுப் பட்டியலை ஒப்பிப்பாள். திங்கள் வெஜிடபிள் பிரியாணி, செவ்வாய் கொண்டைக்கடலைப் புலாவ் என்று ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை வருவதற்குள் பாதிக் கட்டு பிரிந்திருக்கும். நாலைந்து நாளில் நர்ஸே, "புதன் என்னக்கா?" என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பட்டாசுக்காரப் பெண்ணும் அதையே ஒப்பிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "இனிமேல்தான் வேலையே" என்றார் டாக்டர். ஆறுகிற தோல் சுருங்கி இறுகும் (கான்ட்ராக்சர், மூட்டை அசையவிடாமல் தோல் இழுத்துக்கொள்வது). விட்டுவிட்டால் விரல்கள் மடங்காமலே நின்றுவிடும். இரவும் பகலும் அழுத்தக் கையுறை, தினமும் எண்ணெய் தேய்ப்பு, இயன்முறைப் பயிற்சி. கை முழுசாகத் திரும்புமா என்று கேட்டேன். "அவங்க மனசு வச்சா பெரும்பகுதி வரும். தொடு உணர்வு மட்டும் எனக்கு உறுதியாத் தெரியலை" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

பயிற்சி கொடுத்த பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். செல்வராணி ரெண்டு நாள் அமுக்கினாள். மூன்றாம் நாள், "பந்தைப் பிடிச்சு நான் என்னம்மா செய்யப் போறேன்? ஏங்க, பள்ளிக்கூடத்துல என் கரண்டி இருக்கும், வாங்கிட்டு வாங்க" என்றாள். ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் அந்த இரும்புக் கரண்டியைப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னைச் சமையல் மாஸ்டர் என்று நினைத்து, கல்யாணம் யார் வீட்டில் என்று கேட்டார்.

பயிற்சிப் பெண் சிரித்தார். ஆனால் அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போனது. கைப்பிடியில் பழைய சேலைத் துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, தேங்காய்ப் பருமனுக்குக் கொண்டுவந்தார். விரல்கள் அதைத் தழுவினால் ஒரு சுற்றைப் பிரிக்க வேண்டும். அன்றிலிருந்து எங்களுக்குத் தேதி கிழமை கிடையாது. 'இன்னும் எத்தனை சுற்று' என்பதுதான் கணக்கு. சில சுற்றுகள் ரெண்டு நாளில் பிரிந்தன. ஒரு சுற்று மூன்று வாரம் பிடிவாதம் பிடித்தது. நான் பொறுமையில்லாமல் ஒருநாள் ரெண்டு சுற்றைச் சேர்த்துப் பிரித்தேன். அவள் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுலயும் வேகமா?" என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள். மறுபடி சுற்றி வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. பேட்டரி வண்டியைத் தடை செய்யணும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவாகப் போட்டேன். விற்றவன் களவாணி, மெக்கானிக் கொலைகாரன். "நீங்க பேசுனது பாதி ஊருக்கு மனப்பாடம்" என்று அவள் கேலி செய்தாள். அப்போது ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் போடுவதாக இருந்தார்கள். நான் பேசத் தயாரானேன். அவளும் கையுறையோடு கிளம்பிவிட்டாள்.

மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் எழுந்து, "சத்தமே இல்லாம பின்னால வந்து முட்டுதுக. வீட்டுக்குள்ள வெடிக்குதுக. ஒண்ணு விடாமப் பிடிச்சு ஒடைங்க" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்களைக் கம்பெனிக்கு நீங்களா கொண்டு விடுவீக? அம்புட்டுத் தூரம் நடந்து பாருங்க தெரியும்." ஒரே சத்தம். நான் எழுந்து, செல்வராணியின் கையைக் காட்டி, தடைதான் வழி என்று முழங்கினேன். கைதட்டினார்கள்.

அவள் எழுந்தாள்.

"தடை பண்ணாதீக" என்றாள். "எங்க வீட்டுக்காரர் கம்பெனியில இல்லாத மருந்தா? அதைத் தடையா பண்ணிட்டாக? ஒரு ரூமுக்கு இத்தனை பேருதான், இம்புட்டு மருந்துதான், இன்ன சேலைதான்னு சட்டம் போட்டு வச்சிருக்காக. அதை ஒழுங்காச் செஞ்ச இடத்துல சனங்க பொழைக்குது. வண்டிக்கும் அதே மாதிரி வேணும். பேப்பர் இல்லாத வண்டியை விக்க விடாதீக. வயரை அத்துக் குடுக்கிறவுகளைப் பிடிங்க. பேட்டரி பிடிச்சா என்ன செய்யணும்னு வீடு வீடா வந்து சொல்லுங்க. எனக்கு அது தெரியாமத்தான் கை போச்சு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நம்ம வண்டியில என்னென்ன மாத்தியிருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. அதைக் கேட்டாத்தான் மத்தவுக வீட்டுக்குப் போய் அவுக வண்டியைப் பாப்பாக."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. யார் மாற்றியது என்றே சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், மெக்கானிக் தலையில் போட்டுவிட்டும் தப்பித்திருக்கலாம். என் கம்பெனிப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நைலான் சேலைக்காக நான் திருப்பி அனுப்பிய ஒருத்தியும் இருந்தாள். வயர், பேட்டரி, சார்ஜர் மூன்றையும் சொன்னேன். மூன்றையும் செய்யச் சொன்னது நான்தான் என்றேன். மணல் பாடத்தையும் சொன்னேன். புகை நின்றாலும் கிட்டப் போகாதீர்கள், ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஒழுங்குமுறை வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாரமே எங்கள் தெருவில் ரெண்டு வண்டிகள் வயரைத் திரும்ப மாட்டக் கடைக்குப் போயின.

"ஏலே போர்மேன், உன் வீட்டுக்காரியைப் போர்மேனாப் போட்டிருக்கணும்லே" என்றார் என் கூட்டாளி.

கரண்டியின் கடைசிச் சுற்று பிரிந்த அன்று வெறும் இரும்பை அவள் விரல்கள் சுற்றி வளைத்தன. சுண்டுவிரல் மட்டும் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை. நாலு விரல் போதும் என்று பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். திரும்பப் பேட்டரி வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். நம்பரோடு, பேப்பரோடு, நான் கை வைக்காத வண்டி. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு வந்தாள். ஆக்சிலேட்டரை முறுக்குகிற கை அந்த வலது கைதான்.

டாக்டர் உறுதி சொல்லாத விஷயம் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையில் சூடு தெரிவதில்லை. பால் பாத்திரமும் தண்ணீர்ச் செம்பும் அதற்கு ஒன்றுதான். அடுப்படியில் இடது கையால் தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறாள். சில நாள் மறந்து வலது கையை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து சட்டென்று இழுத்துக்கொள்வாள்.

மூன்று மணிக்கு வந்து பேட்டரியைக் கழற்றி முற்றத்து நிழலில் வைப்பாள். ஆறாமல் சார்ஜ் போடக் கூடாது. எங்கள் ஊர் வெயிலில் அது லேசில் ஆறாது. நான் நாலரைக்கு வந்து கை கால் கழுவி, தேங்காய் எண்ணெய் எடுத்து அவள் கையை மடியில் வைத்துத் தேய்ப்பேன். ஒட்டுத் தோலின் மேடும் பள்ளமும் என் விரலுக்கு இப்போது மனப்பாடம். ஒரு இடத்தில் நின்று ரெண்டு நிமிடம் பொறுக்க முடியாமல் இருந்தவன் தினமும் அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

தேய்த்து முடித்ததும், "போய்த் தொட்டுப் பாருங்க" என்பாள். இடது கையால் அவளே பார்த்துவிடலாம்; இதை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறாள்.

போவேன். உள்ளங்கையைப் பேட்டரிமேல் வைப்பேன். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் இன்னும் சூடு இருக்கிறது என்றுதான் சொல்வேன். அவள் கைக்குத் தெரியாத சூட்டை இனி என் கைதான் சொல்ல வேண்டும். அவள் அதை நம்பித்தான் பிளக்கைச் சொருகுகிறாள்.