இன்னும் ஒரு டிகிரி தாங்கும்

கஜேந்திரன் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது. தாங்கும். அவன் லீவில் வந்த ஒவ்வொரு தடவையும் மனைவி பிரேமலதா அதைக் கவனித்திருக்கிறாள். எட்டியாந்தோட்டை பஸ்ஸின் மேல்தட்டில் மூட்டைமேல் மூட்டை ஏற்றினாலும் தாங்கும். அவர்கள் குடியிருந்த லயத்துக் கூரையில் தகரம் படபடவென்று அடித்தாலும் தாங்கும். உலை பொங்கி மூடியைத் தள்ளும்போது அவள் விறகை இழுக்கப் போனால், "விடு லதா, இன்னுங் கொஞ்சம் தாங்கும்" என்பான்.

அரபு நாட்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த வருசங்கள் கொடுத்த சொல் அது. அங்கே நாப்தா என்னும் தரம் குறைந்த எண்ணெயை உலையில் சூடாக்கி, பனை உயர இரும்புக் கலங்களுக்குள் அனுப்புவார்கள். கலத்துக்குள் மிளகு அளவு மணிகள் நிறைந்திருக்கும். மணிகளில் துளித் துளியாய் பிளாட்டினம். அவற்றை உரசிக்கொண்டு வெளியே வரும் ஆவிதான் நல்ல பெட்ரோல் ஆகும், நம் ஊர் பெட்ரோல் ஷெட்டில் தொண்ணூற்றைந்து என்று விற்கிற ரகம். நாள் போகப் போக மணிகளில் கரி படிந்து தரம் இறங்கும். உலைச் சூட்டை ஒரு டிகிரி கூட்டினால் தரம் திரும்பி வரும். மிஞ்சிக் கூட்டினால் பெட்ரோல் வெறும் வாயுவாகிப் போய்விடும். எதுவரைக்கும் கூட்டலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கஜேந்திரனின் வேலை.

"என்ன கஜா, தாங்குமா?" என்பார் மேற்பார்வையாளர் மீராசாஹிப், மாவனல்லைக்காரர்.

"தாங்கும் நானா."

தாங்காத காலம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, கரியை மெல்ல எரித்து எடுப்பார்கள். மணிகள் பழையபடி வேலை செய்யும்.

ஒப்பந்தம் முடிந்து ஊரோடு வந்து சேர்ந்தபோது, பிரேமலதாவின் முழங்கால் வீங்கியிருப்பதைக் கண்டான். தோட்டத்தில் ஒரு துண்டு இறப்பர் மலையைப் பராமரிக்கச் சொல்லி அவள் பெயரில் கொடுத்திருந்தார்கள். விடியுமுன் கத்தியோடு ஏறி, வெயில் ஏறுமுன் பாலைச் சுமந்து இறங்குவாள். அவள் வெட்டு மெல்லிசு. பட்டையோடு நிற்கும், உள்மரத்தைத் தொடாது. அதைச் சொல்லித்தான் தோட்டத்தில் அவளை அடையாளம் காட்டுவார்கள்.

பட்டையில் தடவும் மருந்து ஒன்று உண்டு. அளவாகத் தடவினால் பால் கூடும், மூன்று நாளைக்கொருமுறை வெட்டினால் போதும். கஜேந்திரன் தெரணியகலைக்குப் போய் வாங்கிவந்து அவனே தடவினான். பால் கொட்டியது. பிரேமலதா நடுநடுவே வீட்டில் இருந்தாள். காலுக்கு எண்ணெய் போட்டு நீட்டிக்கொண்டு, "வெளிநாட்டுப் படிப்பு கொஞ்சம் உதவத்தான் செய்யுது" என்று சிரித்தாள்.

பிறகு பால் இறங்கியது. அவன் மருந்தைக் கொஞ்சம் கூட்டினான். பால் திரும்பியது. மறுபடி இறங்கியது. மறுபடி கூட்டினான்.

சிங்களக் கடைக்காரர் மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே, "மாத்தயா, எபா. இவ்வளவு வேணாம்" என்றார்.

"தாங்கும்."

"மரம் களைச்சுப் போச்சுங்க, கொஞ்ச நாளைக்கு விட்டுருங்க" என்றாள் பிரேமலதா.

"மரத்துக்கு என்னா களைப்பு? கரி புடிச்சிருக்கும்."

"போங்க, நீங்களும் உங்க பெட்ரோலும்."

அதற்குப் பிறகு அவள் மலைக்கு வராத நாளாகப் பார்த்து, சொல்லாமல் தடவினான்.

மழை விட்டதும் வெட்டப் போனவள் காலி வாளியோடு திரும்பினாள். கோடு இழுத்த இடத்தில் பால் ஊறவில்லை. பட்டை உள்ளே பழுப்பாகிக் கிடந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கப்பிள்ளை ஏழுமலை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "வெட்டச் சொன்னா கொத்தி வச்சிருக்கியேம்மா. இப்பிடியே போனா மலையை வேற கைக்குத்தான் குடுக்கணும்."

"புருசன் வீட்டோட வந்ததுல அக்காவுக்குக் கை நடுங்குது" என்றாள் பக்கத்து மலையில் வெட்டும் வெள்ளையம்மா. பெண்கள் சிரித்தார்கள். பிரேமலதா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினாள். ஒரு விறகுக்கட்டையை மடியில் வைத்து, கோடு கோடாக இழுத்துப் பார்த்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. கஜேந்திரன் எதிரே தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் தேத்தண்ணிதான் உள்ளே போனது.

மூன்றாவது வாரம் அவள் கத்தியைத் துணியில் சுற்றினாள். "மலைய வெள்ளையம்மாக்கிட்டக் குடுத்துர்றேன். புடுங்குறதுக்கு முன்ன நாமளே குடுத்தா மரியாத."

அவள் கொட்டகைக்குப் போய்ச் சேருமுன் அவன் குறுக்குப் பாதையில் ஏழுமலையிடம் ஓடிப் போனான்.

"அண்ணே, அவ கையில குத்தமில்ல. மருந்து போட்டது நானு."

"எம்புட்டுப் போட்டீங்க?"

"பால் கொறையக் கொறைய கூட்டுனேன்."

பிரேமலதாவும் வந்து சேர, ஏழுமலை அவளையும் வெள்ளையம்மாவையும் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறி, ஒரு மரத்தில் பட்டையைச் சீவிப் பார்த்தார். உள்மரத்தில் ஒரு கீறலும் இல்லை. வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தங்கமான வெட்டு" என்றார் கணக்கப்பிள்ளை, கஜேந்திரனைப் பார்க்காமல்.

இறங்கும்போது பிரேமலதா முன்னால் நடந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"மரம் போனது போகட்டும். இத்தன நாளா எங் கையத்தானே நான் சந்தேகப்பட்டேன். எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவன் அவள் பின்னாலேயே இறங்கினான்.

மலை அவள் பெயரிலேயே இருக்கிறது. மரங்களில் பாதிக்கு மேல் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். சிலது தேறும், சிலது இனிப் பால் தராது என்கிறார் ஏழுமலை. அந்தக் குறைக்கு பிரேமலதா அடுத்த மலையிலும் கூலிக்கு வெட்டப் போகிறாள். கஜேந்திரன் பால் பிடிக்கும் சிரட்டை கழுவுகிறான், வாளி சுமக்கிறான். அந்தச் சொல்லை அவன் வாயில் யாரும் கேட்பதில்லை. அவளுக்கு முழங்கால் முன்னைவிட அதிகமாக வீங்குகிறது.